ஆடியில் குடிபோனோம்

ஆர்கேடியா, கலிபோர்னியா
14-9-2025

அன்புள்ள ராஜிக்கு,

மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி தேவலையா? இரும்புக் கட்டிலை விட்டு இறங்கும்போது பார்த்து இறங்கச் சொல்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் சுவர்களெல்லாம் பலகைதான். ஒரு அறையில் தும்மினால் மூன்று அறைக்குக் கேட்கும். நான் சொல்ல வந்ததோ மருமகள் சுதாவைப் பற்றி. அதனால் காகிதத்தை எடுத்தேன். ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டருக்குக் கடிதம் எழுத ஒரு சாக்கு என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

அன்றைக்கு வீடியோ காலில் வந்தபோது, "புது வீட்டைச் சுத்திக் காட்டு சுதா" என்றாயே, அவள் போனைப் பேத்தி மீனு கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ கவனித்திருக்க மாட்டாய். உன்மேல் குற்றமில்லை. சித்தப்பா வீட்டுப் பையன், கிரகப்பிரவேசம் எப்போது நடந்தது, ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டானாம். குடும்ப வாட்ஸ்அப்பில் நாலைந்து பேர் பூங்கொத்துப் படம் போட்டார்கள். எல்லோரும் நல்ல மனசோடுதான் போட்டார்கள். ஆனால் இது வாழ்த்துச் சொல்கிற விஷயம் இல்லை என்று நம் மனிதர்களுக்கு யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை. நீ சொல்வதற்கு முன்னால் உனக்கே முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

தீயைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஜனவரி 7 சாயங்காலம் ஈட்டன் கேன்யன் என்ற மலைப் பள்ளத்தில் தீ பிடித்தது. எங்கள் ஆல்டடீனா அந்த மலையின் காலடியில்தான். பாலைவனத்துப் பக்கமிருந்து கடலை நோக்கி இறங்குகிற வறட்டுக் காற்று ஒன்று உண்டு, சான்டா ஆனா என்பார்கள். 'தானே' புயலன்று கடலூரில் இருந்தவர்களுக்குத்தான் அன்றைய காற்று புரியும். ஒரே வித்தியாசம், இதில் ஒரு சொட்டு மழை இல்லை. நெருப்புத் துண்டுகள் தெருத் தெருவாகப் பறந்தன. 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. லேக் அவென்யூ என்ற சாலை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு மேற்கே இருந்த எங்களுக்கெல்லாம் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தபோது விடியற்காலை மூன்று மணி தாண்டிவிட்டது. இறந்துபோனவர்கள் அநேகமாக எல்லோரும் அந்த மேற்குப் பக்கத்தவர்கள்தான்.

நாங்கள் அதற்கு முன்பே கிளம்பியது பக்கத்து வீட்டுப் பெரியவரால். கறுப்பினத்தவர், எண்பது வயசு இருக்கும். அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு இடங்களில் வீடு விற்க மாட்டார்களாம். லேக் அவென்யூவுக்கு மேற்கே வாங்க முடிந்தது, வாங்கினார். கைத்தடியால் எங்கள் கதவை இடித்து, "இப்போதே போ" என்றார். அவர் வீடும் போய்விட்டது. இப்போது பாலைவனத்துப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் கண்ணன் போன் போட்டு என்னிடம் கொடுப்பான். அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது, நான் பேசுவது அவருக்குப் பாதி புரியாது. இருந்தும் அரை மணி நேரம் ஓடிவிடும்.

அதற்குப் பிறகு ஹோட்டல் ரூம். 'அண்ணாவுக்கு என்ன, தினம் படுக்கை விரிக்க ஆள், காலையில் ஓசி டிபன்' என்று நீயே கேலி செய்தாய். முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பொங்கல் வந்தது அடுத்த வாரமே. மைக்ரோவேவில் பச்சரிசியும் வெல்லமும் வைத்து சுதா ஏதோ செய்தாள், சாப்பிட்டோம். தமிழ் வருஷப்பிறப்பும் அங்கேதான். ஜன்னல் திறக்காது. விளக்கேற்றக் கூடாது. பாத்ரூமில் தொட்டி இருக்கிறது, வாளியும் சொம்பும் இல்லை. சாம்பார் சூடு பண்ணினால் தாழ்வாரம் முழுக்க வாசனை, எதிர் அறைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். இஸ்திரி போடுகிற பலகையை இறக்கிவைத்து அதன்மேல்தான் மீனு வீட்டுப்பாடம் எழுதுவாள்.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம் ராஜி. பழக முடியாதது சாவி. ஹோட்டலில் சாவி என்பது ஒரு அட்டை. இன்சூரன்ஸ் கம்பெனி வாரத்துக்கு வாரம்தான் அறையை நீட்டித்துக் கொடுக்கும். அங்கிருந்து உத்தரவு வரத் தாமதமானால் அட்டை வேலை செய்யாது. வெளியே போய்விட்டு மளிகைப் பையோடு திரும்பி வந்து அட்டையைக் காட்டுவோம், கதவு சிவப்பு விளக்கு காட்டும். கீழே போய் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் பார்த்தால் எல்லாம் நம் ஊர்க்காரர்கள், ஆல்டடீனா சனங்கள். நாயைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு. வரவேற்பில் இருக்கிற பெண் பாவம், எல்லோரிடமும் ஒரே மன்னிப்பைச் சொல்லிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை நெருங்கினாலே சுதாவுக்குத் தலைவலி வந்துவிடும்.

அந்த அறையில் உட்கார்ந்துதான் பட்டியலும் எழுதினார்கள். எரிந்துபோன வீட்டில் என்னென்ன இருந்தது, எந்த வருஷம் வாங்கியது, என்ன விலை, எல்லாம் வரிசையாக எழுதி இன்சூரன்ஸுக்குக் கொடுக்க வேண்டும். டிவி, சோபா, வாஷிங் மெஷின் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. உன் அண்ணியின் அஞ்சறைப் பெட்டியில் வந்து நின்றது பார். எப்போது வாங்கியது என்று கண்ணன் கேட்டான். அது அவள் அம்மா கொடுத்தது, அவளுக்கு யார் கொடுத்தார்களோ. பழசாக ஆக மதிப்பைக் கழிப்பார்களாம். அந்தக் கணக்குப்படி அந்தப் பெட்டிக்கு நாம்தான் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டி வரும் என்று நான் சொன்னேன். கண்ணன் சிரித்தான். சுதா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். அந்த வரி இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

வாடகைக்கு வீடு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரே ராத்திரியில் அத்தனை ஆயிரம் குடும்பம் தெருவுக்கு வந்தால் என்ன ஆகும்? நெருக்கடி அறிவித்துவிட்டால் வாடகையைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. இருந்தும் கண்ணன் பார்க்கப் போன இடங்களில் கேட்ட தொகையைக் கேட்டால் நீ மயங்கிவிடுவாய். ஒரு வீட்டை முந்தின நாள் பார்த்துவிட்டு மறுநாள் போனால், வேறொருவர் ஒரு வருஷ வாடகையை மொத்தமாகக் கொடுத்து எடுத்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஆர்கேடியாவில் இந்த வீடு அமைந்தது. பழைய இடத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம். வீட்டுக்கார அம்மாள் தைவான்காரர். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தோம் பார், அப்போதே அவருக்கு எங்களைப் பிடித்துவிட்டது. ஒப்பந்தம் ஆகஸ்ட் 1 முதல். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், ஆடி மாசம் நடு மத்தி. ஆடியில் யாராவது குடிபோவார்களா? நான் எத்தனை ஊருக்கு மாற்றலாகிப் போனேன், பாபநாசம், மன்னார்குடி, மாயவரம்! ஒரு தடவையாவது ஆடியில் சட்டி பானையைத் தூக்கியிருப்போமா? கண்ணனிடம் சொன்னேன். "ஆடி வெள்ளிப்பா, அம்மனுக்கு உகந்த நாள்தானே" என்று மழுப்பினான். சுதாதான் நேராகச் சொன்னாள். "மாமா, நாம குடிபோனாத்தானே ஆடி கீடி எல்லாம்? இந்த வீட்டுல கொஞ்ச நாள் தங்கப் போறோம், அவ்வளவுதான். ரூம் மாத்தற மாதிரி நினைச்சுக்குங்க."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சரி என்று கிளம்பினோம். வந்து இறங்கியதும், பால் காய்ச்ச வேண்டாமா என்றேன். "குடிபோகலையே மாமா" என்றாள். அவள் சொன்னது சட்டப்படி சரி. ஆடிக்கு ஒப்புக்கொண்டவன் பாலுக்கு வாதாட முடியுமா? கண்ணன் கடையிலிருந்து காபி வாங்கி வந்தான், அட்டைக் கோப்பையில்.

வீட்டைப் பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். மூன்று படுக்கையறை, ஒரு சின்னக் கொல்லை, அதில் ஒரு எலுமிச்சை மரம். உள்ளே இருக்கும் ஒரு பொருளும் எங்களுடையது இல்லை. கட்டில், மெத்தை, சாப்பாட்டு மேசை, திரைச்சீலை, துண்டு, தட்டு, ஸ்பூன் எல்லாமே இன்சூரன்ஸ் மூலம் ஒரு கம்பெனி மாத வாடகைக்கு இறக்கிக் கொடுத்தது. சுவரில் மாட்ட ஒரு படம்கூட வந்தது, ஏதோ கப்பல். ஸ்டீக் வெட்டுகிற கத்தி எட்டு இருக்கிறது. கரண்டி ஒன்று இல்லை. இட்லிப் பானையும் ஜல்லிக் கரண்டியும் வாங்க ஆர்ட்டீஷியா வரை போய்வந்தோம், அங்கேதான் நம் ஊர்க் கடைத்தெரு. காய்கறிக்குக் கவலையில்லை. இந்த ஊரில் சீனர்களும் தைவான்காரர்களும் நிறைய. பாகற்காய், சுரைக்காய், காராமணி எல்லாம் கும்பகோணம் மார்க்கெட்டில் கிடைப்பதைவிடப் பச்சையாகக் கிடைக்கிறது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நான் ரசம் வைத்தேன். சுதா குளித்துக்கொண்டிருந்தாள். நெருப்பு இல்லாத மின்சார அடுப்பு, சூடு சட்டென்று ஏறிவிடுகிறது. கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் போட்டேன். மிளகாய் கருகின நெடி கிளம்பியதுதான் தாமதம், கூரையில் இருந்த அலாரம் அலற ஆரம்பித்தது. ஒன்று அலறினால் எல்லா அறையிலும் சேர்ந்து அலறும்படி அமைத்திருக்கிறார்கள். நான் துண்டை வீசி வீசி அதை நிறுத்தப் பார்த்தேன். பிறகு மீனுவைத் தேடினால் காணோம்.

வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஷூ போட்டு, லேஸ் கட்டி, பள்ளிப் பையை முதுகில் மாட்டி, என் செருப்பு இரண்டையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு. அழவில்லை. "தாத்தா, உங்க மாத்திரை டப்பா எங்கே?" என்று கேட்டாள். ஒன்பது வயசு. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஒரு நிமிஷம்? அதற்குள் எல்லாம் முடித்துவிட்டாள். சுதா ஈரத் தலையோடு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

அதிலிருந்து தாளிப்பதற்கு முன்னால் மீனுவிடம் சொல்லிவிட்டுத்தான் தாளிப்பது. அவள் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, அலாரத்தின் அடியில் அட்டையால் விசிறுவாள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை செய்தோம். ஆவிதான், புகையில்லை என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். விளக்கு மட்டும் இன்னும் பேட்டரி விளக்குதான். திரியைப் பற்றவைக்க நானும் கேட்கவில்லை.

மீனுவுக்கு இந்த ஊரில் பிடித்தது மயில். நம்புவாயோ மாட்டாயோ, இங்கே தெருவில் மயில் திரிகிறது! கூண்டில் இல்லை, கார் மேல், ஓட்டின்மேல். பால்ட்வின் என்ற ஒரு பெரும் பணக்காரர் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து சில மயில்களைத் தருவித்துத் தன் பண்ணையில் விட்டாராம். அந்தப் பண்ணை இப்போது பெரிய தாவரப் பூங்கா, மயில்களோ ஊர் முழுக்க. தீனி போட்டால் அபராதம் என்று கவுண்டியில் சட்டம் போட்டிருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு அது அகவினால் நான் எழுந்து உட்கார்ந்து முருகா என்பேன், எதிர் வீட்டுக்காரர் வேறு ஏதோ சொல்வார். நாங்கள் வந்த சமயம் தோகை உதிர்க்கும் காலம். மீனு தெருத் தெருவாகப் போய் இறகு பொறுக்கி வருகிறாள். வாடகை மேசையில், வாடகைக் கண்ணாடி டம்ளரில் நிற்கிறது. இந்த வீட்டில் எங்களுடையது என்று சொல்ல அதுதான் முதலில் வந்தது.

அந்தப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானம். ஜனவரியில் அதன் கார் நிறுத்துமிடத்தில்தான் துணி, போர்வை, செருப்பு எல்லாம் மலைபோல் குவித்து, வீடிழந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். மீனுவின் ஷூ அங்கே எடுத்ததுதான். இப்போது நான் காலையில் அந்தப் பக்கம் நடக்கப் போகிறேன். 1942-இல் யுத்தத்தின்போது, ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்களை வீட்டைவிட்டுக் கிளப்பி, முள்வேலி முகாம்களுக்கு அனுப்பும் முன் மாதக்கணக்கில் இங்கேதான் அடைத்துவைத்திருந்தார்கள். 18,000 பேருக்கு மேல். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குதிரை லாயமே இருப்பிடம். பிற்பாடு நடிகரான ஜார்ஜ் டகேய் அப்போது ஐந்து வயசுப் பையன், குடும்பத்தோடு ஒரு லாயத்தில் இருந்திருக்கிறார். அவர்கள் பட்டதையும் எங்களுடையதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. அவர்களைக் காவலோடு அடைத்தார்கள், எங்களுக்குத் துண்டு மடித்துக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த வேலியோரம் நடக்கும்போது, ஹோட்டலைப் பற்றிக் குறை சொல்ல வருகிற வாய் மூடிக்கொள்கிறது.

என் இலாகா விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். இங்கே முகவரி மாற்றத்துக்குத் தபால் ஆபீஸில் ஒரு படிவம் உண்டு. தற்காலிகமா, நிரந்தரமா என்று இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும். சுதா யோசிக்காமல் தற்காலிகம் என்று குறித்தாள். படிவத்தின் விதியை நான்தான் படித்தேன், பழக்க தோஷம். தற்காலிகம் என்றால் முதலில் ஆறு மாசம். நீட்டிக்கலாம், ஆனால் மொத்தத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடையாது. இன்சூரன்ஸோ இந்த மாதிரிப் பேரிடர் என்றால் குறைந்தது 24 மாசம் வெளியே தங்கும் செலவுக்குக் காலம் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். வீடு கட்டி முடிய அதுவும் போதுமா என்று கண்ணன் விரல் விட்டு எண்ணுகிறான். ஆக, தபால் ஆபீஸ் கணக்கில் நாங்கள் நிரந்தரமாகிவிடுவோம், சுதா கணக்கில் ஆகமாட்டோம்.

நம் மனையைப் போய்ப் பார்த்தோம். ராணுவத்தின் என்ஜினியர் படைதான் ஒப்பந்தக்காரர்களை வைத்து இடிபாட்டை அள்ளியது. நஞ்சு கலந்திருக்கும் என்று மேல்மண்ணையும் ஆறு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டார்கள். புகைபோக்கி ஒன்றுதான் நின்றுகொண்டிருந்தது, அதுவும் போயிற்று. கறிவேப்பிலைச் செடி நின்ற இடம்கூடத் தெரியவில்லை. இரண்டு தெரு தள்ளி தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு சாலை உண்டு, உனக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன். 1920-லிருந்து கிறிஸ்துமஸுக்கு விளக்குக் கட்டுகிற மரங்கள். நம் இமயமலை ஜாதி. அவை பெரும்பாலும் தப்பிவிட்டன.

இனி சுதா. வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. பல் துலக்கும் சாமான் இன்னும் ஜிப் வைத்த பையில்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டெல்லாம் ஒரு பையில் போட்டு வாசல் பக்கம் மாட்டியிருக்கிறாள். காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டாள். சுவரில் ஒரு ஆணி இல்லை. அந்தக் கப்பல் படத்தைக்கூடக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். உன் அண்ணியாக இருந்தால் சாமான் இறக்கின அன்றைக்கே வீட்டுக்காரரோடு ஆணிக்குச் சண்டை ஆரம்பித்திருக்கும். அவளும் நானும் ஒரு நாளும் சொந்த வீட்டில் இருந்ததில்லை, அதனால் எந்த வீட்டிலும் கோலம் போட எங்களால் முடிந்தது. சுதாவுக்கு அப்படியில்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு சுவருக்கும் வர்ணம் அவள் பொறுக்கியது. அவளை அவசரப்படுத்த எனக்கு மனசில்லை. நீயும் யாரையும் அவசரப்படுத்த விடாதே.

ஒன்று சொல்கிறேன், உனக்கு மட்டும். போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியது. ஹோட்டலில் ஏசி இரைந்தால்கூட, இருக்கட்டும் என்று போர்த்திக்கொண்டு படுப்பாள். இப்போது வீட்டுக்கார அம்மாளுக்குப் போன் போட்டு, இன்றைக்கே ஆள் வர வேண்டும், என் சமையலறை நனைகிறது என்று சத்தம் போட்டாள். அந்த அம்மாளும் சளைக்கவில்லை. பத்து நிமிஷம் இருவரும் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆள் வந்தான். அந்த அம்மாள் ஒரு பை நிறையப் பேரிக்காய் கொடுத்தனுப்பியிருந்தார். எனக்கு அன்றைக்குத்தான் நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆகவே நீ சுதாவுக்குப் போன் செய். வீட்டைப் பற்றிக் கேட்காதே, எப்போது கட்டி முடிப்பீர்கள் என்றும் கேட்காதே, அது அவர்களுக்கே தெரியாது. என்ன சமையல், மீனு என்ன படிக்கிறாள், மயில் வந்ததா என்று கேள். உன் வத்தக்குழம்புப் பொடிக்கு அளவு அவள்தான் என்னைக் கேட்கச் சொன்னாள். உன் கையால் எழுதியது அவளிடம் இருந்தது, அதுவும் போய்விட்டது. மறுபடி எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. வாயால் சொன்னால் நீ உப்பை விட்டுவிடுவாய்.

இன்னொரு காரியம். அப்பா அம்மா போட்டோ, என் கல்யாண ஆல்பம், கண்ணன் மொட்டை போட்ட படம், இவற்றுக்கெல்லாம் இனி உன் பரணில் இருப்பதுதான் மிச்சம். அதில் உன் அண்ணி இருக்கும் படங்களைத் தனியாக எடுத்து வை. தபாலில் அனுப்பாதே. இந்த 2025 ஆகஸ்ட் கடைசியில் நம் தபால் இலாகா அமெரிக்காவுக்குத் தபால் எடுப்பதையே நிறுத்திவிட்டது. இங்கே சுங்க வரி விதியை மாற்றியதில் விமானக் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன, கடிதத்துக்கும் வழியில்லாமல் போயிற்று. இந்தப் பக்கமிருந்து உனக்கு வருகிறது, உன் பக்கமிருந்து எனக்கு வராது. ரிஜிஸ்தர் தபாலையும் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கிறார்களாமே. முப்பத்தைந்து வருஷம் ரிஜிஸ்தர் சீட்டை ஒட்டின கை எனக்கு.

மாயவரம் சம்பந்தி வீட்டுப் பெண் டிசம்பரில் இங்கே வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்பு. கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல், பெட்டியில் போட வேண்டாம். கறிவேப்பிலை, விதை எதுவும் அவளிடம் திணிக்காதே, ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டு அவளையும் நிறுத்திவைப்பார்கள். மாப்பிள்ளையைத் தைலம் தேய்க்கச் சொல். கவரின் பின்பக்கம் விலாசம் எழுதியிருக்கிறேன். டைரியில் பழையதை அடித்துவிடாமல் இதைக் கீழே எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்